சுவருக்கு அப்பாலும் ஒரு செவி

கண்ணுக்கு இமை உண்டு; செவிக்கு இல்லை. விரும்பாத காட்சி எதிர்ப்பட்டால் மனிதன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். விரும்பாத ஒலியிலிருந்து அவ்வாறு திரும்பிக்கொள்ள இயற்கை அவனுக்கு வழி வைக்கவில்லை. உடல் உறங்கும்போதும் செவி திறந்தே கிடக்கிறது. காடுகளில் வாழ்ந்த முன்னோரை இரவில் காத்தது அந்தத் திறந்த செவிதான். சருகு அசைந்தால் விழித்துக்கொண்டவன் பிழைத்தான். இன்று அடுக்குமாடி வீட்டில் வாழ்பவனுக்குப் புலியின் அச்சம் இல்லை. ஆயினும் அவனுடைய செவி அதே செவிதான். அதன் அமைதி இப்போது அடுத்த வீட்டுக்காரரின் கைவிரலில், அவர் திருகும் ஒரு சிறு குமிழில் இருக்கிறது.

பினாங்கில் வீட்டுக்குள் ஒலிபெருக்கி வந்த வரலாறு நெடியதன்று. 1934-ஆம் ஆண்டில் பினாங்கு வானொலிச் சங்கத்தார் இசட்.எச்.ஜே. என்னும் நிலையத்தைத் தொடங்கி ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் ஆகிய மொழிகளில் ஒலிபரப்பினர். வானொலிப் பெட்டி செல்வர் வீட்டுப் பொருளாக இருந்த காலம் அது. ஒலி அரிதாய் இருந்தபோது அதைத் தேடி மனிதர் சென்றனர். ஒரு பெட்டியைச் சுற்றிப் பலர் கூடினர். இன்று நிலைமை தலைகீழ். எளிய குடும்பத்தின் கூடத்திலும் தொலைக்காட்சியைச் சுற்றி ஐந்து ஒலிபெருக்கிகளும், தாழ்ந்த ஒலிகளை மட்டும் எழுப்பும் ஒரு பெரும் பெட்டியும் இடம் பெற்றுவிட்டன. இல்லத் திரையரங்கு என்று அதற்குப் பெயர். தேடிச் சென்ற ஒலி இப்போது தேடி வருகிறது. வேண்டாம் என்பவரையும் விடுவதில்லை.

தன் வீட்டில், தன் உழைப்பால் வாங்கிய கருவியில், தான் விரும்பும் இசையைத் தான் விரும்பும் அளவில் கேட்பதில் அறம் எங்கே வந்து குறுக்கிடுகிறது? இந்த வினாவை எளிதாகத் தள்ளிவிடலாகாது. உரத்த இசையை விரும்புவோரை நாகரிகமற்றவர் என்று ஒதுக்குவதும் நேர்மையாகாது. அவர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது.

நாதசுரமும் தவிலும் திருவீதிக்கென உண்டான கருவிகள். திறந்த வெளியில், தேருக்கு முன்னால், ஆயிரம் பேர் நடுவில் முழங்கவேண்டியவை. அவற்றை முணுமுணுக்கும் அளவில் கேட்பவன் அவற்றைக் கேட்டவனே அல்லன். இது சுவை பற்றிய பேச்சு மட்டுமன்று. 1933-இல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பிளெட்சர், மன்சன் என்னும் இருவர் மனிதச் செவியை அளந்து ஓர் உண்மையை வெளியிட்டனர். ஒலியின் அளவு குறையும்போது செவி எல்லாச் சுருதிகளையும் ஒரே விகிதத்தில் இழப்பதில்லை. தாழ்ந்த ஒலிகளை முதலில் இழக்கிறது. மெல்லக் கேட்கும்போது மிருதங்கத்தின் தொப்பி மறைந்து வலந்தலை மட்டும் எஞ்சி நிற்பது இதனால்தான். ஆகவே, ஒலியைக் கூட்டும் கை எப்போதும் ஆணவத்தின் கை அன்று. இசையின் முழு உருவையும் காண விரும்பும் ஏக்கமும் அதில் உண்டு.

ஆனால் அந்த ஏக்கத்துக்கு உடல் கொடுக்கும் விலை என்ன என்பதை அறியாமல் குமிழைத் திருகுவது அறிவுடைமை ஆகாது.

உட்செவியில் நத்தைக்கூடு போன்ற ஓர் உறுப்பு இருக்கிறது. அதனுள்ளே ஒரு செவிக்கு ஏறத்தாழ 15,000 மயிர்செல்கள் பிறக்கும்போதே அமைந்துவிடுகின்றன. வெட்டிய நகம் வளரும். உதிர்ந்த முடி முளைக்கக்கூடும். பேரொலியால் மடிந்த மயிர்செல் மனிதனுக்கு மீண்டும் முளைப்பதில்லை. முதலில் மறைவது உயர்ந்த சுருதிகளைக் கேட்கும் ஆற்றல். சொற்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் மெல்லிய ஓசைகள் பல அங்கேதான் உள்ளன. குரல் கேட்கும், சொல் விளங்காது. வகுப்பறையில் இந்நிலையிலுள்ள மாணவன் ஒருவனைக் கவனக்குறைவு உடையவன் என்று ஆசிரியர் கடிந்துகொள்வதும் நடக்கக்கூடியதே.

ஒலியை அளக்கும் டெசிபெல் என்னும் அலகு கடைத்தராசுபோல் நடந்துகொள்வதில்லை, பலரை ஏமாற்றிவிடுகிறது. 3 டெசிபெல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிக்கிறது; ஆனால் செவிக்கு அது சற்றே கூடியதாகத்தான் தோன்றும். ஒலி இருமடங்கு உரத்ததாகச் செவிக்குத் தோன்ற வேண்டுமாயின் ஏறத்தாழ 10 டெசிபெல் கூடவேண்டும். அதற்குப் பத்து மடங்கு மின்திறன் வேண்டும். இன்பம் ஒன்றுக்கு இரண்டாக ஏறும்போது செவியின் மீது விழும் அடி ஒன்றுக்குப் பத்தாக ஏறுகிறது என்பதே இதன் பொருள்.

மலேசியாவில் 1989-ஆம் ஆண்டின் தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபெல் வரை இசைந்தன. 2019-ஆம் ஆண்டின் விதிகள் அதனை 85 ஆகக் குறைத்தன. ஆற்றல் கணக்கின்படி 88 டெசிபெல்லில் நான்கு மணி நேரம், 91-இல் இரண்டு மணி நேரம், 100-இல் கால்மணி நேரம் என்று அந்த அளவு சுருங்கிக்கொண்டே போகும். சராசரி 90 டெசிபெல்லில் இரண்டரை மணி நேரத் தமிழ்ப்படம் ஒன்றைப் பார்த்து முடித்தவர் ஆலைத் தொழிலாளி ஒருவருக்கு ஒரு நாளைக்கென வகுத்த ஒலி முழுவதையும் அந்த ஒரே அமர்வில் செலவிட்டுவிட்டார். அவர் பகலில் ஆலையில் வேலை பார்த்தவராகவும் இருந்தால் கணக்கு என்னவாகும்? மேலும், இந்த அளவுகள் வளர்ந்தவர்க்கு வகுத்தவை. உலகச் சுகாதார நிறுவனம் கையடக்க இசைக்கருவிகளுக்குப் பரிந்துரைத்த அளவு வாரம் 40 மணி நேரத்துக்குப் பெரியவர்க்கு 80 டெசிபெல், சிறுவர்க்கு 75. தந்தையின் மடியில் அமர்ந்து படம் பார்க்கும் குழந்தைக்குக் குமிழ் எட்டாது. தன் செவி நோவதைச் சொல்லவும் தெரியாது. தன்னைத் தானே கெடுத்துக்கொள்ளும் உரிமை ஒருவனுக்கு உண்டு என்று வாதிடுவோரும் அந்தக் குழந்தையின் முன் வாய் அடைத்து நிற்பர்.

செர்மானிய மெய்யியலார் இமானுவேல் கான்ட் 1790-இல் வெளியிட்ட நூலில் இசையின் மீது ஒரு விந்தையான குற்றம் சாட்டினார். இசைக்கு நகரப் பண்பு போதாது என்றார். ஓவியத்தை விரும்பாதவர் கண்ணைத் திருப்பிக்கொள்ளலாம்; இசையோ மணம் தோய்த்த கைக்குட்டையைப் போல, அழைக்காதவரிடத்தும் பரவி அவருடைய உரிமையைக் குறைக்கிறது என்பது அவர் வாதம். இவ்வாதத்துக்குப் பின்னால் ஒரு சொந்த வருத்தமும் இருந்தது. கோனிக்சுபெர்க் நகரில் அவர் வாங்கிய வீட்டுக்கு அருகே சிறைச்சாலை இருந்தது. சிறைக்கைதிகள் உரத்த குரலில் துதிப்பாடல்கள் பாடினர். அதைத் தணிக்குமாறு 1784-இல் நகரத் தலைவருக்கு அவர் கடிதம் எழுதினார்.

கான்ட் கூறிய உவமை அழகியது. ஆனால் அந்தக் கடிதத்தை எண்ணும்போது நெஞ்சம் முழுவதும் அவர் பக்கம் நிற்க மறுக்கிறது. சிந்தனையாளருக்கு அமைதி தேவைதான். எல்லாம் இழந்து சுவர்களுக்குள் கிடந்த அந்தக் கைதிகளுக்கு வேறு என்ன இருந்தது? பாட்டு ஒன்றுதானே. அமைதியை வேண்டுவோர் எப்போதும் எளியவர் என்றோ, ஒலி எழுப்புவோர் எப்போதும் கொடியவர் என்றோ கொள்ளமுடியாது. பல நகரங்களில் இரைச்சல் என்று புகார் எழுதத் தெரிந்தவர் படித்தவர். புகாருக்கு ஆளாகும் கூத்தும் மேளமும் ஏழைகளுடையவை. ஆகவே எது இசை, எது இரைச்சல் என்று கேட்பதைவிட, யாருக்கு விலகிச் செல்ல வழி இருக்கிறது, யாருக்கு இல்லை என்று கேட்பதே அறத்துக்கு நெருங்கிய வினா.

ஜார்ஜ்டவுன் அந்த வினாவைக் கேட்பதற்கு ஏற்ற நகரம். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், குவான் யின் கோயில், குயின் ஸ்ட்ரீட்டில் 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில், 1818-இல் கட்டப்பெற்ற புனித ஜார்ஜ் தேவாலயம் ஆகியவை சில நிமிட நடைத் தொலைவுக்குள் அமைந்துள்ளன. பாங்கும் மணியும் மேளமும் ஒன்றையொன்று தாண்டி ஒலிக்கின்றன. இவற்றை மக்கள் பொறுத்துக்கொள்வதற்குச் சமயப் பொறை மட்டும் காரணமன்று. இவ்வொலிகளுக்கு நேரம் உண்டு. தொடக்கமும் முடிவும் கேட்பவருக்கு முன்னரே தெரியும். முடிவு தெரிந்த ஒலியை மனம் தாங்கிக்கொள்கிறது. எப்போது நிற்கும் என்று தெரியாத ஒலியே மனத்தை அரிக்கிறது.

அந்நகரின் பழைய கடைவீடுகள் வரிசையாக, ஒரே சுவரை இரு குடும்பங்கள் பங்கிட்டுக்கொள்ளும் முறையில் கட்டப்பட்டவை. மேல்தளம் மரப்பலகை. 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000-ஆம் ஆண்டுப் பிறப்போடு முடிவுக்கு வந்தபின் பல குடும்பங்கள் அவ்வீடுகளை விட்டு அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தன. ஆயர் ஈத்தாம் வட்டாரத்தில் 1960-களின் இறுதியில் எழுந்த ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடிகள் முன்வார்ப்புக் காங்கிரீட் பலகைகளைப் பொருத்திக் கட்டப்பட்டவை. செங்கற்சுவரானாலும் காங்கிரீட்டானாலும் ஒலியின் நடத்தை ஒன்றே: உயர்ந்த சுருதியைச் சுவர் தடுத்துவிடும், தாழ்ந்த சுருதி தரையையும் தூணையும் பற்றிக்கொண்டு மேலும் கீழும் பல வீடுகள் செல்லும். இருபது வெள்ளித் திரைச்சீலை அதைத் தடுக்கும் என்று நம்புவது வீண்.

இரவு பத்து மணிக்குமேல் ஒலியைக் குறைத்தால் கடமை முடிந்தது என்று நல்லவர் பலர் எண்ணுகின்றனர். பினாங்கில் அந்தக் கணக்கும் பிசகுகிறது. பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக வட்டாரம் 1972-இல் தொடங்கியதிலிருந்து இத்தீவில் பல்லாயிரவர் முறைவேலை பார்க்கின்றனர். இரவு முழுதும் மின்னணுப் பொருள்களைப் பொருத்திவிட்டுக் காலை எட்டு மணிக்கு ஆலைப் பேருந்தில் வீடு திரும்பும் பெண் ஒருத்திக்கு நண்பகலே நள்ளிரவு. சட்டத்தின் கடிகாரம் அவளைக் காப்பதில்லை. பகல் பதினொரு மணிக்குப் படத்தைத் திருப்பிவிடும் அடுத்த வீட்டார் எந்த விதியையும் மீறவில்லை. ஆயினும் அவளுடைய உறக்கத்தை எடுத்துக்கொண்டுவிட்டார். 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தில் 23-ஆம் பிரிவு ஒலி மாசு பற்றிப் பேசுகிறது. ஜார்ஜ்டவுனில் 1969-இல் தோன்றிய பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் இரைச்சலை எதிர்த்துக் குரல் கொடுத்து வந்துள்ளது. எனினும், அடுத்த வீட்டில் யார் எப்போது உறங்குகிறார் என்பதை எந்தச் சட்டநூலும் எழுதிவைக்க முடியாது. கதவைத் தட்டிக் கேட்டால்தான் தெரியும்.

உறக்கம் கெடுவதைவிடக் கொடிய ஒன்றும் உண்டு. இந்திய உச்ச நீதிமன்றம் 2005 சூலை 18-ஆம் நாள் ஒலி மாசு குறித்து ஒரு தீர்ப்பு வழங்கியது. அந்த வழக்கு எழுந்த காரணத்தைப் படிப்பவர் எளிதில் மறக்கமாட்டார். 13 வயதுச் சிறுமி ஒருத்தி வன்கொடுமைக்கு ஆளானாள். உதவி கேட்டு அவள் எழுப்பிய ஓலம் அக்கம்பக்கத்தில் ஒலிபெருக்கியில் முழங்கிய இசையில் மூழ்கிப் போயிற்று. அன்று மாலையே அவள் தீக்குளித்து மாண்டாள். அந்த ஒலிபெருக்கியை வைத்தவர் தீமை எண்ணியவர் அல்லர். யாரோ மகிழ்ந்து கேட்ட இசைதான் அது. பேரொலி அயலாரின் அமைதியை மட்டும் பறிப்பதில்லை. அயலாரின் அழுகுரலைக் கேட்கும் ஆற்றலையும் ஊரிடமிருந்து பறித்துவிடுகிறது.

அத்தீர்ப்பு பொது இடங்களில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கியைத் தடுத்தது என்பதைப் பலர் அறிவர். வீட்டிலுள்ள சொந்த ஒலிக்கருவிகளையும் அது விட்டுவிடவில்லை. வீட்டு எல்லையில் நின்று அளந்தால், அவ்வட்டாரத்துக்குரிய அளவைவிட 5 டெசிபெல்லுக்கு மேல் ஒலி மிகக்கூடாது என்று வரையறுத்தது. குடியிருப்புப் பகுதிக்கு இந்தியாவில் வகுத்த அளவு பகலில் 55, இரவில் 45. அளக்கும் இடம் கருவியின் முன்னால் அன்று, எல்லையில் என்பது நோக்கத்தக்கது.

இல்லத்துக்குள்ளும் இதே நிலைதான். கதவடைத்த கூடத்தில் போர்க்களக் காட்சி முழங்கும்போது தொட்டில் குழந்தையின் அழுகை கேட்காது. குளியலறையில் வழுக்கி விழுந்த முதிய தாயின் முனகல் கேட்காது. வாயில் மணியும் கேட்காது. ஆகவே உரக்கக் கேட்கும் நேரத்தில் வீட்டில் ஒருவர் கூடத்துக்கு வெளியே இருப்பது நலம். அல்லது இடையிடையே ஒலியை நிறுத்திச் செவிகொடுப்பது நலம்.

கருவிகளை அமைக்கும் முறையிலேயே பாதி அறம் அடங்கியிருக்கிறது. முதலில் தொலைவு. திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்கும் செவிக்கும் உள்ள தொலைவு பாதியானால் ஒலி 6 டெசிபெல் கூடும். அறைக்குள் சற்றுக் குறைவாகக் கூடும். நான்கு மீட்டரில் இருந்த நாற்காலியை இரண்டு மீட்டருக்கு நகர்த்தியவர் கூடுதல் மின்திறன் இன்றியே உரத்த ஒலியைப் பெறுகிறார். அடுத்த வீட்டுக்கோ ஒன்றும் கூடுவதில்லை. முன்புற இரு பெட்டிகளும் நடுக்கோட்டிலிருந்து பக்கத்துக்கு 30 பாகை விலகி, செவி உயரத்தில், கேட்பவரை நோக்கித் திரும்பியிருத்தல் வேண்டும். பக்கப் பெட்டிகள் ஏறத்தாழ 110 பாகையில் அமையும். இவ்வாறு அமைந்தால் உரையாடல் தெளிவாகும். உரையாடல் விளங்காமையே பல வீடுகளில் ஒலியைக் கூட்டுவதற்குக் காரணம் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

தாழ்ந்த ஒலிப் பெட்டியைப் பொதுச்சுவரில் சாய்த்தும் மூலையில் முட்டுக்கொடுத்தும் வைப்பவர் அதன் முழக்கத்தைத் தாமே பெருக்கிக்கொள்கிறார். மூலை அதை ஊதுகொம்பாக்கிவிடும். அடியில் கனத்த இரப்பர்த் தட்டு வைத்தால் தரைவழிச் செல்லும் அதிர்வு ஓரளவு குறையும், முழுதும் நின்றுவிடாது. இரவில் அதை நிறுத்திவிட்டுப் பார்ப்பதே நேர்மை.

மின்சாரத்தில் கவனக்குறைவு செவியை மட்டுமன்றி உயிரையும் கொள்ளும். மூன்று முனைச் செருகியில் நில இணைப்பு முனையை முறித்துவிட்டு இரைச்சல் நின்றது என்று மகிழ்வோர் உளர். தம்மைக் காக்க வைத்த கம்பியை அவர்கள் அறுத்துவிட்டார்கள். ஒரே நீட்டிப்பலகையில் பெருக்கி, தொலைக்காட்சி, குளிரூட்டி எல்லாவற்றையும் மாட்டுவது தீயை அழைப்பது. பெருக்கியின் மேல் துணி விரிக்கக்கூடாது. அதற்கு மூச்சு வேண்டும். பினாங்கில் இடிமின்னலுக்குக் குறைவில்லை. வானம் இருண்டால் செருகியைக் கழற்றிவிடுவதே முறை. உயரமான பெட்டிகளைச் சுவரோடு பிணைத்தல் வேண்டும். தவழும் குழந்தை முதலில் பிடித்து எழுவது அவற்றைத்தான்.

சிறிய பெருக்கியை அதன் எல்லைக்கு அப்பால் விரட்டினால் ஒலியலையின் முடி வெட்டுண்டு, உயர்சுருதி ஒலிபெருக்கி வெந்துபோகும். பெரிய கருவியை அடக்கி ஆள்வதைவிடச் சிறிய கருவியை அளவுமீறி ஓட்டுவதே கேடு செய்யும். ஒலி கரகரக்கத் தொடங்கும்போது கை பின்வாங்க வேண்டும். எவ்வளவு உரக்க ஒலிக்கிறது என்பதைத் தன் செவியைக் கேட்டு முடிவு செய்யலாகாது. அது பத்து நிமிடத்தில் பழகிவிடும். சிறு ஒலிமானி ஒன்றோ, கைப்பேசியிலுள்ள அளவுச் செயலியோ துல்லியமாக இல்லாவிடினும் செவியைவிட நேர்மையாகச் சொல்லும். படம் முடிந்தபின் செவியில் ரீங்காரம் கேட்டால் அளவு கடந்துவிட்டது என்பது உறுதி.

தமிழில் இசைதல் என்றால் உடன்படுதல். அதே சொல் பாட்டையும் குறிக்கிறது, புகழையும் குறிக்கிறது. வள்ளுவர் கேள்விக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். உரத்து ஒலிப்பதற்கென ஓர் அதிகாரம் வகுக்கவில்லை. உடன்படாதவர் மீது விழும் ஒலியை இம்மொழி இரைச்சல் என்று வேறு சொல்லால் அழைக்கிறது. பாட்டு மாறவில்லை, நடுவில் ஒரு சுவர் வந்தது, அவ்வளவே.

அந்தச் சுவரின் மறுபுறம் என்ன கேட்கிறது என்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. செய்பவர் மிகச் சிலர். தாம் வழக்கமாகக் கேட்கும் அளவில் கருவியை ஓடவிட்டு, அடுத்த வீட்டாரிடம் அனுமதி பெற்று, அவர் படுக்கும் அறையில் ஐந்து நிமிடம் நின்று பார்க்கவேண்டும். அங்கே பாடகரின் குரல் கேட்காது. வீணை கேட்காது, சொல்லும் கேட்காது. தம்மை உருக்கிய அந்தப் பாட்டில் எது சுவையோ அது ஒன்றும் சுவரைத் தாண்டவில்லை. தலையணைக்கு அடியிலிருந்து எழுவதுபோல் ஒரே தாளத்தில் ஒரு குத்து மட்டும் வந்துகொண்டே இருக்கும்; அதைத்தான் அந்த வீட்டார் இத்தனை நாளும் கேட்டுக்கொண்டிருந்தனர்.